ராகு காலத்துக் கள்ளன்

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மூன்று மணிக்கு விட்டது. குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, கடலைப்பருப்பு ஊறப் போட்டுத் திரும்பினால், என் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுகிறான்.

என் குடம்! கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளைக் குடம். கழுத்தில் 'செ. பொன்னுத்தாய்' என்று என் பேர் வெட்டியது. சீன யுத்த நிதிக்கு வளையலைக் கொடுத்த பிறகு வீட்டில் உருப்படியாக இருப்பது இது ஒன்றுதான்.

ஓடினேன். ஒரே சேறு. தோல் பட்டறைச் சந்து திரும்புவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். விழுந்தான். முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் என்ன லேசான ஆளா? அடுத்த வீட்டு ஆமினா அக்கா கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்தாள், கையைக் கட்டினேன். மீசை நரைத்தவன். "சோடோ பாயி, சோடோ" என்று, விட்டுவிடு அம்மா என்று ஒரே புலம்பல்.

அதற்குள் பட்டறை ஆட்கள் கூடிவிட்டார்கள். தர்ம அடி என்றால் நம்மவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. "தள்ளு மைனி, நாங்க பாத்துக்கிடுதோம்." ஒருத்தன் கையில் தடி. எனக்கு வந்ததே கோபம்!

"பிடிச்சவ நான். அடிக்கணும்னா எனக்குக் கை இல்லையாக்கும்? ஒரு பய இவன் மேல கை வைக்கப்பிடாது!"

சரி, ஸ்டேஷனுக்குக் கொண்டு போ என்றார்கள். எப்படிப் போவது? செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ரா.கா. ஒரு காரியத்துக்குப் படி இறங்குகிற நேரமா அது? "ராகு காலம் முடியட்டும்" என்று சொல்லி அவனை வீட்டுத் தூணில் கட்டினேன். விளக்குமாற்றோடு வாசலில் நின்றேன். அவர்களும் சந்து முனையை விட்டுப் போகவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் முதலாளி கூப்பிட்டு ஒவ்வொருத்தனாகப் போனான்.

ஆமினா அக்கா: "ஓடும்போது ராகு காலம் பாக்கலியா நீ?"

"நான் எதுக்குப் பாக்கணும்? களவாங்க வந்தவன் பாத்திருக்கணும். அதான் மாட்டுனான்."

ஒரு கையை அவிழ்த்துவிட்டுச் சாயா கொடுத்தேன். ரெண்டாவது கிளாஸும் கேட்டான், கள்ளப்பய. கொடுத்தேன்.

நாலரைக்கு மேல் ஆமினா அக்காவும் நானுமாக அவனை நடத்திக் கூட்டிப் போய் ஒப்படைத்தோம். குடத்தைப் போலீஸ் வைத்துக்கொண்டது. சாட்சிப் பொருளாம்.

ஜூலை 10, புதன்

மழை. தகர டின்னில் தண்ணீர். விளிம்பு கையை அறுக்கிறது.

ஹவல்தார் வந்தார். கள்ளன் மணிக்கட்டில் கயிற்றுத் தடமாம். பிடித்தவுடன் கொண்டுவராமல் வீட்டில் கட்டி வைத்தது குற்றமாம். என் மேலும் கேஸ் வருமாம், ஜெயில்கூட உண்டாம். நல்ல கதை!

இவர் ஷிப்ட் முடிந்து வந்து கேட்டதும் முகம் செத்துவிட்டது. தெருவில் கூட நடந்தால் பத்தடி முன்னால் போகிற மனுஷன். என் சத்தம் அவருக்கு வெட்கம்.

"ஏட்டி, உனக்கு எதுக்கு இந்தச் சண்டியர் வேலை? போனது ஒரு குடம்தானே?"

குடம்தானாம்! ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

வாங்க வேண்டியது: உப்பு, கொடிக்கயிறு (போலீஸ் அதையும் வைத்துக்கொண்டது).

மாட்டுங்காவில் வக்கீல் வீடு. இவரும் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "கண்ணெதிர திருடினவனை யார் வேணும்னாலும் பிடிக்கலாம்மா. ஓடாம தடுக்க எவ்வளவு பலம் வேணுமோ அவ்வளவு பிரயோகிக்கலாம். அதுக்கு மேல ஒரு அடி கூடாது. அப்புறம், அனாவசியமா தாமதிக்காம போலீஸ்ல ஒப்படைக்கணும்."

அடிக்கவே இல்லை என்றேன். முதுகில் உட்கார்ந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது தேவையான பலத்துல சேர்த்திதான். தாமதம்தான் இடிக்கறது. ராகு காலம்னு வாயைத் திறக்காதேங்கோ. மழைன்னு சொல்லிடுங்கோ."

இவர் வேகமாகத் தலையாட்டினார். மழைதான் விட்டிருந்ததே! சத்தியம் பண்ணிவிட்டுப் பொய்யா?

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

கோர்ட். பச்சைச் சேலை. வெயில்!

கள்ளன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். பிறகு மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்: உடனே ஏன் கொண்டுவரவில்லை? வக்கீல் மழை, மழை என்று கண்ணால் ஜாடை காட்டுகிறார். வாய் வரவில்லை எனக்கு. "ராகு காலம், சாஹேப்" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "சட்டத்தில் ராகு காலம் கிடையாது" என்றார். கள்ளனைப் பார்த்து, இந்த அம்மாள் உன்னை அடித்தாளா என்று கேட்டார்.

அவன் ஹிந்தியில் கடகடவென்று சொன்னான். அடிக்கவில்லை. சாயா கொடுத்தாள். சந்து முனையில் தடியோடு நின்றார்கள், அப்போதே வெளியே கொண்டு போயிருந்தால் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கலையும் வரை இந்த பாயி வாசலை விட்டு அசையவில்லை.

மாஜிஸ்திரேட் எழுதினார். தாமதம் அனாவசியமானதல்ல. தேவைக்கு மேல் பலம் பிரயோகிக்கவில்லை. இந்த அம்மாள் மேல் கேஸ் இல்லை.

எனக்குக் கள்ளன் சாட்சி! உள்ளே போகும்போது ஒரு கும்பிடு போட்டான். பாவமாகத்தான் இருந்தது. என் குடத்தைத் தொட்டிருக்க வேண்டாம்.

குடம் கிடைத்தது. ஒரு நசுங்கல் மட்டும். ரயிலை விட்டு இறங்கிக் குடத்தை இடுப்பில் வைக்கப் போனேன்.

"கொண்டா இங்க."

தோளில் வைத்துக்கொண்டார். ஆம்பளை, பட்டப்பகலில், குடத்தோடு. முன்னால் போகவில்லை, பக்கத்திலேயே நடந்தார். பட்டறைச் சந்தில் அந்த ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அங்கே வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, பேர் வெளியே தெரிகிற மாதிரி குடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.