பின்னச்சின் மேல் நாம் இருவர்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்றுக் காலை நம் லாரி ஷெட்டில் ஒரு பூனை மண்ணெண்ணெய்த் தட்டைக் கவிழ்த்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டது. செய்தி இவ்வளவுதான். ஆனால் ஊறப்போட்டிருந்த நட்டுகள் தரையெங்கும் உருண்டன. துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை எழுந்தது. குனிந்து பொறுக்கும்போதே உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அன்றும் இதே வாடைதான். உடைந்த பின்னச்சைக் கழற்றிவிட்டு, கம்பம் ஊரிலிருந்து வந்த வேறோர் அச்சை லாரிக்கு மாட்டிக்கொண்டிருந்தோம். அச்சை வில்பட்டையோடு சேர்த்துக் கட்டுபவை லாடம் போல் வளைந்த போல்ட்டுகள். கட்டு விட்டால் அச்சு நகரும். கம்பம்மெட்டிலிருந்து இறங்கும் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஏலக்காய் மூட்டைகளோடு அதில் ஓட்டப்போவது உன் அப்பா.

அந்த நேரம் பார்த்து ஒரு நட்டு உருண்டு ஓடைப்பக்கம் போனது. தேடச் சோம்பல். தோட்டத்துத் துரையின் பழைய காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தோம். அது இங்கிலாந்துச் சீமை நட்டு, நம் லாரி அமெரிக்கா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மரையின் பல்தான் வேறு. இரண்டு சுற்று சுகமாக ஏறியது, பிறகு முரண்டு பிடித்தது. துரு என்று நினைத்து, ஸ்பானரில் குழாயைச் செருகி இருவரும் தொங்கினோம். சட்டென்று கை லேசானது. போல்ட்டின் மரை சிதைந்துவிட்டது.

“எனக்கு மரை கழண்டது ஊருக்கே தெரியும். போல்ட்டுக்குப் போனது நமக்கு மட்டுந்தான் மாப்ள,” என்றேன். நீ சிரிக்கவில்லை.

“நட்ட வச்சு மூடிட்டா வெளிய தெரியாதுல்ல?” என்று கேட்டேன்.

“தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது. அதாம்லே பயமா இருக்கு.”

போய்ச் சொல்லிவிட்டாய். நான் பின்னால் நின்றேன். “என்னலே, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிய?” என்றபடி உன் அப்பா வண்டிக்கடியில் புகுந்து பார்த்தார். “நுனிதான் போயிருக்கு. அந்த நுனிய அறுத்துரு. ஆனா நம்ம நட்டு வேணும். எங்கல?”

ஓடையில் இறங்கினோம். அட்டைகளுக்கு அன்று விருந்து, இலையில் நான். மேகம் கீழிறங்கிக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை மேட்டிலிருந்து, “வண்டி போவுமா, போவாதா?” என்று கத்திக்கொண்டே இருந்தார். நட்டைக் கண்டெடுத்தது நான்தான். இதை எங்கும் சொல்வேன்.

நீ நுனியை அறுத்தாய். முக்கோண அரத்தை வைத்து, சிதைந்த பல்லை ஒவ்வொரு பள்ளமாகத் திறந்தாய். அரம் ஒருமுறை வழுக்கினால் மிச்சமும் போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு நட்டை விரலால் ஏற்றினாய். ஏறியது. ஆனால் குட்டையான போல்ட்டு நட்டின் விளிம்போடு நின்றுவிட்டது, வெளியே ஒரு பல்கூட நீளவில்லை. உன் அப்பா பார்த்துவிட்டுப் பாதி மூட்டையை இறக்கச் சொன்னார்.

நம் ஷெட்டின் வழக்கம் உனக்குத் தெரியும். மாட்டிய அச்சு முதல்முறை மலையிறங்கும்போது, இறுக்கியவன் அதற்கு நேர் மேலே உட்கார வேண்டும். “பயந்தவன் இப்பவே இறங்கிக்கலாம்,” என்றார் உன் அப்பா. “அச்சுக்கு மேல அச்சம் எதுக்கு மாமா,” என்று நான் சிங்கம் போல உட்கார்ந்திருந்தேன். நீ லாரியின் தளப் பலகையில் காதை வைத்துப் படுத்துவிட்டாய்.

மூன்றாவது வளைவில், எனக்குக் கேட்காத ஒன்று உனக்குக் கேட்டது. பலகையைத் தட்டினாய். வண்டி நின்றது, சக்கரத்துக்குக் கல் வைத்தேன், நீ அடியில் ஊர்ந்தாய்.

“அரைச் சுத்து தளர்ந்திருக்குலே. பாரத்துல பட்டை உக்காந்திருச்சு.”

இறுக்கிவிட்டு வெளியே வந்தாய். துரையிடமே உத்தரவு கேட்காத மனிதர், உன்னைப் பார்த்து, “போலாமா?” என்றார்.

“போலாம்ப்பா.”

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் அப்பா இன்னும் அதே பாதையில்தான் ஓட்டுகிறார். ஷெட்டில் அச்சு மாட்டுவது இப்போது என் வேலை. நேற்று தனியாளாக மாட்டினேன். ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலால் ஏற்றிப் பார்த்தேன், விரலுக்கு இணங்காததை ஸ்பானரிடம் கொடுக்கவில்லை. உன்னைவிட வேகம், தெரிந்துகொள். பிறகு ராஜா மாதிரி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன்.

சரி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று நான் இறங்காமல் இருந்தது வீரத்தால் அல்ல. கால் இரண்டும் எழவில்லை. நேற்றோ முதல் வளைவிலேயே பலகையைத் தட்டிவிட்டேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது. உன் காது என்னிடம் இல்லையே.

“என்னலே?” என்றார் உன் அப்பா.

“எறும்பு மாமா. கடிச்சிருச்சு.”

எறும்பு கடித்ததற்கு வண்டிக்கடியில் புகுந்தவனை அவர் நேற்றுதான் பார்த்திருப்பார். எல்லா நட்டும் இறுக்கமாகவே இருந்தன. அவர் வண்டியை எடுத்தார்.

அடுத்த வளைவில் நான் தட்டவில்லை. அவராகவே நிறுத்தி, இறங்கி வந்து, “பாத்துட்டு வாலே,” என்றபடி சக்கரத்துக்குக் கல் வைத்தார்.