மேட்ச்னா என்ன மிஸ்?

ஜனவரி 12

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அந்தமானில், ஹேவ்லாக் தீவு ரிசார்ட் ஆட்களுக்கு நான் நடத்தும் மாலை ஆங்கில வகுப்பில் இன்று தேவேந்திரன் ஒரு சந்தேகம் கேட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறவர். போன வாரம் ஒரு வெள்ளைக்காரர், வாயில் சிகரெட்டோடு, "மேட்ச் இருக்கா?" என்று கேட்டாராம். "இருக்கு சார், சண்டே மூணு மணி, ஸ்கூல் கிரவுண்ட்" என்று இவர் சொல்ல, மனிதர் நிஜமாகவே வந்து முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார்!

"கடைசி வரைக்கும் சிகரெட்ட பத்தவைக்கல மிஸ். அப்பதான் டவுட் வந்துச்சு. மேட்ச்னா க்யா ஹை மிஸ்?"

ஜனவரி 19

அகராதியோடு போனேன். கிரிக்கெட், தீக்குச்சி, புடவைக்கு ஏற்ற ரவிக்கை, கல்யாண வரன், சரிக்குச் சரியான எதிராளி — எல்லாமே மேட்ச். வேரைத் தேடினால் இன்னும் கூத்து. தீக்குச்சி தவிர மற்றதெல்லாம் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் துணை, நிகரானவர். தீக்குச்சி மட்டும் பிரெஞ்சுக்காரர்களின் விளக்குத் திரியிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் மூக்குச்சளியாம்! வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அச்சா, ரெண்டும் சொந்தமில்ல. வேற வேற எடத்துல இருந்து வந்து ஒரே பேரு ஆயிருச்சு" என்றார் தேவேந்திரன். "நம்மள மாதிரி."

ஜனவரி 20

நம்மள என்றால் யார்? தீவுக்காரர்கள் எல்லோருமா? இல்லை — போடி சித்ரா, வேலையைப் பார்.

பிப்ரவரி 1

தேவேந்திரன் படகில் கூட்டிப்போய் ஆமை காட்டினார். நான் போட்ட கத்தலில் அது முங்கிப் போய்விட்டது. "ஆமையவே ஓட வெச்ச மொத ஆளு நீங்கதான் மிஸ்."

நாளெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9

தெற்கு அந்தமானில் எங்கள் ஊர் பெரார்கஞ்சிலிருந்து அப்பா போன். மதுரைப் பையன், பேங்க் வேலை, வரும் ஞாயிறு மெயின்லேண்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். "நல்ல மேட்ச்மா, விட்டுராத." அந்த வார்த்தைதானா கிடைத்தது அப்பாவுக்கு? சிரிப்பும் வரல, அழுகையும் வரல.

பிப்ரவரி 11

வகுப்பு முடிந்ததும் தேவேந்திரனிடம் சொன்னேன். "வீட்ல எனக்கு மேட்ச் பாத்திருக்காங்க."

"எந்த டீம் மிஸ்?"

விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு புரிந்து முகம் சுருங்கிவிட்டது. "நல்லது மிஸ். நான் உங்களுக்கு மேட்ச் இல்லன்னு எனக்கே தெரியும்."

"அத யாரு முடிவு பண்றது?" — நான்தான் கேட்டேனா? நானேதான்!

அவர் செருப்பைப் போடாமலே வெளியே நடந்தார். பாதி வழியில் திரும்பி வந்து, "பக்காவா மிஸ்?"

"பக்கா."

பிப்ரவரி 14

கப்பல் பிடித்து வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "படகோட்டியா? கடலுக்குப் போறவன் பொண்டாட்டி நிம்மதியா ஒரு நாள் இருப்பாளா? உங்க சித்தப்பாவ கடல் கொண்டுபோனது மறந்துட்டியா?"

மறக்கல அப்பா. ஆனாலும்.

மதுரைக்கு நானே போன் செய்து, வர வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையன், "டிக்கெட் போட்டாச்சு, சரி, சுத்திப் பாத்துட்டுப் போறேன்" என்றான்! நல்லவன்.

பிப்ரவரி 27

அப்பா இன்னும் பேசவில்லை.

மார்ச் 8

சொல்லாமல் கொள்ளாமல் அப்பா ஹேவ்லாக் வந்து இறங்கினார். என்னிடம் வரவில்லை, நேராக தேவேந்திரனிடம் போய், "ஓட்டிக் காட்டுங்க" என்றாராம். சேதி கேட்டு ஓடி, நானும் ஏறிக்கொண்டேன். தேவேந்திரன் லைஃப் ஜாக்கெட்டை அப்பாவுக்கு மாட்டி, ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் எஞ்சினைத் தொட்டார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே போனதும் ஒரு பெரிய அலை தூக்கிப் போட்டது. அப்பா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"மெதுவா விடுங்க மாப்ள!"

தேவேந்திரன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அப்பா யாரையும் பார்க்கவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை.