ப்ளஸ் பதினொன்று

அன்புள்ள செந்தமிழ் அண்ணனுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, கூடத் தங்கியிருக்கும் பையன்களிடமும் வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் மேல் தாளில் இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம் என்று அதில் எழுதியிருக்கிறேன், அது அம்மாவுக்குத் தெரிந்த சுகம். சிங்கவரம் கோயில் துளசியை வழக்கம்போல அவளே மடித்து வைத்தாள். வெயில்ல தொப்பி இல்லாம நிக்காத, சனிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளி, குச்சிக்குக் குங்குமம் வெச்சிட்டு ஆடு என்று அவள் சொன்னதையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். உறையை ஒட்டுவது என் வேலை என்பதால் இதை உள்ளே வைக்க முடிகிறது. அம்மா தூங்கிவிட்டாள். மார்க்கெட் கமிட்டியில் லாரிக்கு நெல் மூட்டை ஏற்றப் போன நைனா இன்னும் வரவில்லை, அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அண்ணா, பிப்ரவரியில் உன் கோல்ஃப் டூர் தொடங்கியபோது நைனா போனை என்னிடம் நீட்டி உன் பேரைத் தேடச் சொன்னார். பேரைத் தட்டினால் உன் வரி மட்டும் வந்தது, ப்ளஸ் ஆறு என்று இருந்தது, வாசித்தேன். கபடியில் பாயின்ட் ஏறுவதுபோல உனக்கு ஆறு ஏறியிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த போட்டியில் ப்ளஸ் ஒன்பது, நைனா கறி வாங்கி வந்தார். அதிலிருந்து கமிட்டியில், யோவ் பச்சைமுத்து, உம் புள்ள இன்னிக்கு எத்தினி ப்ளஸ்ஸு என்று கேட்பார்களாம். எம் புள்ளைக்கு எறக்கமே இல்லய்யா, ஏறிக்கினேதான் போறான் என்று மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே சொல்வாராம். ஏப்ரலில் என் வகுப்பு மிஸ்பா வீட்டுப் போனில் முழுப் பட்டியலையும் பார்த்தேன். மைனஸ் போட்டவர்கள்தான் மேலே இருந்தார்கள். பந்தைக் குழியில் போட எவ்வளவு குறைவாக அடிக்கிறார்களோ அவ்வளவு நல்லதாம், ப்ளஸ் என்றால் கூடுதலாக அடித்ததாம். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். இரண்டாம் நாளோடு வெளியே அனுப்பப்பட்டவர்களில் கடைசிக்கு முந்தைய பேர் உன்னுடையது.

அன்றே நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பூந்திப் பொட்டலத்தோடு வந்து நின்றார், வாங்கிப் பிரித்துத் தின்றேன். நீயும்தான் சொல்லவில்லை. ஜூலையில் போன் பண்ணியபோது, ஜெயிச்சிக்கினே இருடா என்று நைனா சொன்னார், நீ சரி நைனா என்றாய். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்புறம் நீ போனே எடுப்பதில்லை. மிஸ்பா போனிலிருந்தும் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன்.

இப்போது திண்டிவனம் ரைஸ்மில் துரைக்கண்ணு தன் மகன் விமல்ராஜுக்கு என்னைக் கேட்டு வந்திருக்கிறார். மூட்ட தூக்குற வூட்ல பொண்ணெடுக்குறேன்னா அது உம் புள்ளைக்காவத்தான்யா, அவன் கப்போட வரட்டும், அன்னிக்கே பூ வெச்சிடலாம் என்றார். உன் கடைசிப் போட்டி முடிந்து வரும் வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். தையில் எனக்குப் பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். மார்ச்சில் பரீட்சை இருக்குது என்றேன். ரைஸ்மில்லுல இன்னா பரீட்ச என்று சிரித்தார், நைனாவும் சேர்ந்து சிரித்தார். நான் சொன்னால் நைனா நம்பமாட்டார், கல்யாணத்துக்குப் பயந்து அண்ணன் பேரைக் கெடுக்கிறாள் என்பார். நீதான் சொல்ல வேண்டும், தோற்றுக்கொண்டே இருக்கிறேன் நைனா என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் கேட்கவில்லை.

முதல் அறுபது பேருக்குள் வராவிட்டால் அடுத்த வருஷம் டூரில் இடமில்லை என்று மிஸ்பா படித்துச் சொன்னாள். நீ நூற்றுப் பதினெட்டில் இருக்கிறாய். கொல்கத்தாவில் அந்தக் கடைசிப் போட்டியில் ஜெயித்தால்தான் நீ பிழைப்பாய், ஜெயித்தால் எனக்குப் பூ வைத்துவிடுவார்கள். அம்மா துளசியை மடிக்கும்போது நீயும் வேண்டிக்கோடி என்றாள். என்ன வேண்டுவது என்று தெரியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

நாளை பள்ளிக்கூடம் போகும் வழியில் மிஸ்பா இதைத் தபாலில் போடுவாள். இப்போது ஆடும் போட்டி முடிந்து நீ சென்னைக்குத் திரும்பியதும் கிடைத்துவிடும், கொல்கத்தாவுக்குக் கிளம்புமுன் அங்கிருந்தே நைனாவைக் கூப்பிடு. சாப்பிடாமல் இருக்காதே அண்ணா. இன்றைய எண்ணைச் சாயங்காலமே மிஸ்பா வீட்டில் பார்த்துவிட்டேன், ப்ளஸ் பதினொன்று. இவ்வளவு இதுவரை வந்ததில்லை. நைனா ரொம்பச் சந்தோஷப்படுவார், அதை நினைத்தால்தான் எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். நைனாதான். தூங்கிட்டியா கலை, இன்னிக்கு எத்தினி ப்ளஸ்ஸு என்று வெளியிலிருந்தே