கார் மட்டும் வந்தால் போதுமா?

அண்ணா,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை. நான் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருப்பேன்.

பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர் காலையில் வந்தார். "உங்க அண்ணன் கார் வந்தாத்தான் ஷோ களைகட்டும்" என்று ஒரே புகழ்ச்சி. கண்காட்சி ஆஸ்பத்திரி மைதானத்தில்தானாம். வசூல் முழுக்கச் சிறுநீரக வார்டுக்காம். அம்மா படுத்திருக்கும் வார்டு, நீ இன்னும் எட்டிக்கூடப் பார்க்காத வார்டு. சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. போன வாரம் அம்மாவைச் சேர்க்க அந்தக் காரைக் கேட்டதற்கு, "சீட்ல வாந்தி எடுத்துட்டா நாத்தம் போகாது, டாக்சி கூப்பிடு" என்றவன் நீ.

அப்பா காரை அம்மா பேரில்தான் வாங்கினார், ஞாபகம் இருக்கிறதா? உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் கண்காட்சிப் படிவத்தை வாங்க மாட்டார்களாம். பயப்படாதே, ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவிடம் வாங்கி வந்துவிட்டேன். படிவம் டிவி பக்கத்தில் இருக்கிறது. ஊசி ஏறியிருக்கும் கை என்பதால் எழுத்து கொஞ்சம் கோணல்.

நீ உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாய். எழுப்பினால் சண்டைதான் வரும், அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று, இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கார் இங்க வருதுன்னா, அவனும் வருவான்தானே?"