திருநீறு போட்டு மினுக்கிய வெள்ளி டொலர்கள்

கிங்ஸ்பரி, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜதுர்ஷிகாவுக்கு,

மெல்பேர்னில் நீயும் மருமகன் நிஷாந்தனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மன் துணை நிற்க வேண்டும். நாங்களும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் பொய்யோடு தொடங்க மனம் வரவில்லை. என் முழங்கால் முன்னையைவிடப் பரவாயில்லை, அம்மாவுக்குத்தான் பிரஷர் கூடிவிட்டது, டொக்டர் குளிசையை மாற்றித் தந்திருக்கிறார். போன கிழமை நீ போன் எடுத்தபோதே விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். பிள்ளைக்கான சிகிச்சைக்கு முதல் எடுத்த ஸ்கேன் நல்லபடியாக வந்தது என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய், நான் கதையை மாற்றிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கதிரையில் இருந்து வாசி, நிஷாந்தன் வேலையால் வந்த பிறகு வாசித்தாலும் நல்லது.

உன் பாலேந்திரா மாமா அமெரிக்காவில் கண்ணை மூடியபின் அவருடைய சிநேகிதர் கொண்டுவந்து தந்த வெள்ளி டொலர்களைப் பற்றி உனக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக இருபது காசை அடுக்கிக் கடதாசியால் இறுகச் சுற்றிய உருளைகள், மொத்தம் ஐந்து. மாமா வாடகைக்கு இருந்த வீட்டுக்காரக் கிழவர் வங்கியில் வேலை செய்தவராம், அவர் கொடுத்ததை மாமா ஒரு நாளும் பிரிக்கவில்லை. ஜதுவின்ரை பிள்ளைக்குக் குடுங்கோ என்றுதான் சிநேகிதரிடம் கடைசியாகச் சொன்னாராம். பிள்ளை பிறந்தால்தானே பிள்ளைக்குக் கொடுக்கலாம், அதனால் விற்று உன் சிகிச்சைக்கு அனுப்புவோம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். இந்த வருடத்துக்குள் செய்யாவிட்டால் பிறகு கஷ்டம் என்று உங்கள் டொக்டர் சொன்னதை அம்மா நாளுக்கு நாலு தரம் சொல்லி என் காதைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஐந்தையும் தூக்கப் பாரம் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நகரத்துக்குள்ளே பழங்காசு வாங்கி விற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் போனேன், அன்று வெள்ளிக்கிழமை. மனிசன் முதலில் காசைப் பார்க்கவேயில்லை, கடதாசியைத்தான் பார்த்தார். அதிலிருந்த வங்கி முத்திரையையும் மடித்திருந்த விதத்தையும் பார்த்து, இது பிறகு யாரோ சுற்றியதல்ல, அந்தக் காலத்து உருளைதான் என்றார். பிறகு கடதாசி கிழியாமல் காசுகளை வெல்வெட் துணியில் வழுக்கி எடுத்தார். இரண்டு முனையிலும் இருந்தவை கறுத்து, ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக இருந்தன, நடுவில் இருந்தவை வெள்ளை வெளேரென்று. கடதாசியோடு ஒட்டிக் கிடந்ததால் வந்த கறுப்பு அது, இவ்வளவு காலமும் ஒருவர் கையும் படவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று விளங்கப்படுத்தினார். ஒரு காசைச் சாய்த்துத் திருப்பினார், வெளிச்சம் சைக்கிள் சில்லின் கம்பிகள் போலச் சுற்றி வந்தது. காசின் பின்பக்கத்துக் கழுகுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைக் காட்டி, இந்த நாணயசாலையில் அடித்ததற்குத் தனி மதிப்பு என்றார். ஐந்தும் இப்படியே இருந்தால் உன் சிகிச்சைக்கு முழுதாகப் போதும், ஜது. மற்ற நாலையும் இருக்கிறபடியே கொண்டு வாருங்கள் என்றார். ரயிலில் வரும்போது என்னையறியாமல் சிரித்துக்கொண்டு வந்தேன், எதிரே இருந்த பிள்ளை ஒரு மாதிரிப் பார்த்தது.

கதவைத் திறந்ததும் புளி மணந்தது. உன் அம்மா சாமித்தட்டுக்கு முன்னால் பெரிய தட்டத்தில் எண்பது காசையும் பரப்பி, குங்குமம் வைத்து, பூவும் வைத்திருந்தாள். எல்லாம் புதுக் குத்துவிளக்குப் போல மினுங்கின. கடதாசி மடிப்பின் இடுக்கால் முனைக் காசுகள் கறுத்துக் கிடப்பதைக் கண்டவள், நான் வெளிக்கிட்ட கையோடு நாலு உருளையையும் பிரித்துப் புளியில் ஊறவைத்து, ஈலிங் அம்மன் கோவில் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டாள். கடதாசிகளைக் காலையிலேயே குப்பை எடுப்பவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைக்கெண்டு தந்த காசு கறுத்துப்போய்க் கிடக்கலாமோ, விக்கிறதெண்டாலும் ஒருக்கா அம்மனுக்கு முன்னாலை வைச்செடுத்து விப்பம் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கண்டு எத்தனையோ காலம். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்றேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், ஒருவேளை பெரியவர் கண்டுபிடிக்க மாட்டார் என்ற நப்பாசையில் திங்கட்கிழமை கொண்டுபோனேன். முதல் காசைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சாய்த்துத் திருப்பினார், அந்த வெளிச்சம் சுற்றி வரவில்லை. பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார், தலைமயிர் போல ஆயிரம் கீறல். இனி இது வெள்ளியின் நிறைக்குத்தான் போகும், மன்னியுங்கள் என்று, ஏதோ தன் பிழை போலச் சொன்னார். இன்னும் இரண்டு கடையில் கேட்டேன், அதே கதைதான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் உன் செலவில் பாதிகூடத் தேறாது. மீதிக்கு நான் எங்கே போவேன்? இந்த வயதில் இந்தக் காலோடு என்னை எந்த ஷிப்டுக்கு எடுப்பார்கள்? அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லக்கூடிய விஷயமும் இது இல்லையே. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை மகள், தெரிகிற மாதிரி உனக்கு எழுதவும் முடியவில்லை.

அம்மாவுக்கு மறைக்க ஏலாமல் அன்று பின்னேரமே சொன்னேன். அழவில்லை. ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்த் தட்டத்தைக் கழுவினாள். அதிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு இல்லை, சாமித்தட்டில் விளக்கு ஏற்றுவதும் இல்லை, நான்தான் ஏற்றுகிறேன். நீ போன் எடுக்கும்போதெல்லாம் குளிக்கிறாள், படுத்துவிட்டாள் என்று சொன்னேனே, பக்கத்தில்தான் இருந்தாள், கையை ஆட்டி வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டு றஜீனா வந்து, தெரியாமல் செய்தது தானே அக்கா என்று சொல்லித் தேற்றினாள். நானும் பரவாயில்லை, விடு என்றேன். அதைக் கேட்டதும் எழும்பிப் போய் உன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றுத்தான் முதன்முறையாக வாய் திறந்து, ஜதுவுக்கு நீங்களே எழுதுங்கோ, எனக்கு அந்தப் பிள்ளையின்ரை குரலைக் கேக்கேலாது என்றாள்.

பெரியவர் நல்ல விலைக்கு எடுத்த அந்த முதல் உருளையின் பணத்தை வருகிற கிழமை உன் கணக்குக்கு அனுப்புகிறேன். மற்ற நாலையும் நிறைக்கு விற்கவா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரைகளைத் தவறவிடாதே, நிஷாந்தனைக் கடிந்து கொள்ளாதே, அவன் என்ன செய்வான். அம்மாளாச்சி உங்கள் இருவரையும் கைவிட மாட்டாள் என்று எழுதி என் ஆசீர்வாதத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். அதை நம்ப இப்போது எனக்குப் பலம் போதவில்லை, நீயாவது நம்பு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இதை வாசித்த பிறகு அம்மாவுக்குப் போன் எடு, இந்த முறை நான் அவள் காதில் பிடித்து வைப்பேன். பரவாயில்லை அம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் அவளைச் சாகடித்துக்கொண்டிருக்கிறோம். உனக்குக் கோபம் வரும், அழுகை வரும், வரத்தானே வேண்டும், அதை விழுங்காதே. என்ன வேலை செய்துவிட்டாய் என்று கத்திக் கேள். அவளை ஏச உரிமையுள்ள ஒரே ஆள் நீதான், அதற்காகத்தான் அவள் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
குணசிங்கம்