பஞ்சை மட்டும் கழுவாதீங்க

மார்ச் 2
வேலை முடிந்து வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி. பல் டாக்டர் ஒருவர் கிளினிக்கை மூடுகிறாராம். அங்கே இருந்த மீன் தொட்டியைத் தங்கை வாங்கி வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையெல்லாம் உப்புக்கறை, அடியில் காய்ந்த பாசி, அதற்குள் யாருடையதோ ஒரு சட்டைப் பொத்தான்.

"யாருக்குடி இது?"

"உனக்குத்தான். நான் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, தனியா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பே. துணைக்கு ஆள் வச்சிட்டுப் போறேன். மீனை விட்ட மறுநாள் கிளம்பறேன்."

விவாகரத்துத் தீர்ப்பு வந்த கையோடு இங்கே வந்தவள். பெட்டியை இன்னும் பிரித்து வைக்கவில்லை. தேவையானதை மட்டும் உருவி உடுத்துகிறாள். இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஏன் வருவதில்லை?

மார்ச் 3
வினிகர், பழைய துணி, பிளேடு. சோப்பு மட்டும் கூடாதாம். சோப்பு படாததைச் சுத்தம் என்று எப்படி நம்புவது? ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கித் தருவது என் வேலை. தேய்த்தேன், தேய்த்தேன். "போதும்க்கா, கண்ணாடி தேஞ்சு மறுபக்கம் வந்துடுவே" என்கிறாள்.

மார்ச் 5
தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். ஒரு மூலை ஒழுகி, கூடமே குளம். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினாள். விரலில் ஒட்டியதை என் மூக்கில் தடவிவிட்டு ஓடினாள். கழுதைக்கு நாற்பது வயது!

மார்ச் 7
பசை காய்கிறது. அதையே பார்த்துக்கொண்டு டீ குடித்தோம்.

மார்ச் 9
கூழாங்கல் அலசிப் போட்டாயிற்று. வண்ணமீன் கடைக்காரர் தன் தொட்டியிலிருந்தே ஒரு வடிகட்டிப் பஞ்சைக் கவரில் போட்டுத் தந்தார். பழுப்பாக, வழவழவென்று. கவரை நுனிவிரலால் பிடித்துக்கொண்டேன்.

"இதை மட்டும் கழுவாதீங்கம்மா. இதுல நல்ல கிருமி இருக்கு. மீன் கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தும். அது பெருகற வரைக்கும் மீன் விடாதீங்க."

நல்ல கிருமி! என் சர்வீஸில் கேட்காத வார்த்தை. கிருமிக்குத் தீனி வேண்டுமே என்று தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுகிறோம். இல்லாத மீனுக்கு விருந்து.

மார்ச் 20
அண்ணன் போன். "அவளை எப்ப அனுப்பற? ரூம் ரெடியா இருக்கு." தண்ணீர் இன்னும் சரியாகவில்லை என்றேன். "தண்ணிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். நியாயமான கேள்விதான்.

சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட வேண்டும். மஞ்சள் என்றால் மீன் விடலாம், பச்சை என்றால் கூடாது. இன்று பச்சை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மார்ச் 29
பச்சை வெளுத்துவிட்டது.

சண்டையும் வந்துவிட்டது. "குடிச்சு முடிக்கறதுக்குள்ள கப்பைப் புடுங்கறியே, இது வீடா, வார்டா? உன்கூட மனுஷி இருக்க முடியுமா?" என்றாள். கப்பைக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 2
ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

அவள் வெளியே போயிருந்தாள். தொட்டிப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பஞ்சு கண்ணை உறுத்தியது. கை தானாகப் போயிற்று. பிழிந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, திரும்ப மாட்டிய பிறகுதான் உறைத்தது.

வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "வேணும்னே பண்ணியா? நான் போகக் கூடாதுன்னா?"

"சத்தியமா இல்லடி. கைப்பழக்கம்."

சத்தியம்தான். ஆனால் மறுபடி முதலிலிருந்து என்றதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேனா இல்லையா? பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 3
கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு பஞ்சு தந்தார். அதை நான் தொடக் கூடாது என்று தங்கை உத்தரவு.

ஏப்ரல் 30
மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். "நாளன்னிக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்துடறேன்க்கா" என்றாள்.

அடுப்பைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். "இங்கயே இருந்துடேன். மீன் எனக்குத் துணையாகாதுடி. நீதான் வேணும்."

அவள் மெதுவாக டீ குடித்தாள். பாதி டீயோடு கப் மேசையிலேயே ஆறிப்போய்க் கிடந்தது. நான் தொடவில்லை. கை பரபரத்தது. தொடவில்லை.

மே 2
தொட்டியில் மீனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தேன். மீன் இல்லை. வடிகட்டியில் பஞ்சும் இல்லை. கொல்லைப்பக்கம் கொடியில், துவைத்த துணிகளுக்கு நடுவே கிளிப் போட்டுத் தொங்கியது. வெள்ளை வெளேரென்று, சோப்பு வாசனையோடு.

"என்னடி இது?"

"ரொம்ப அழுக்கா இருந்துச்சுக்கா. கழுவிட்டேன்." டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன். அவளே எடுத்தாள். "இல்லண்ணே," என்றாள், "தண்ணி இன்னும் சரியாகல."