கச்சேரி முடிந்த பிறகும்

நம் பிள்ளையின் அப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் பிள்ளையும் மருமகளும் பக்கத்திலேயே நிற்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மருமகளின் பாட்டுக் கோஷ்டி சாமி பாட்டுக் கச்சேரி நடத்தியது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு நட்டநடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருமக்கூடக் கூடாதாம். அத்தனை பேரும் சேர்ந்து பாடியது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. திடீரென்று பாட்டு நின்றது. கச்சேரி முடிந்ததும் ஊருக்கு அனுப்புவதாகப் பிள்ளை சொல்லியிருந்தானே, அந்தச் சந்தோஷத்தில் எழுந்து, "கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"இன்னும் பாதிகூட ஆகலம்மா, ஒக்காரு. மானம் போகுது!" என்று பக்கத்திலிருந்த பிள்ளை என் முந்தானையை இழுத்தான். இவனுக்குக் கால் கழுவிவிட்டவள் நான். அவன் மறக்கலாம், நான் மறக்க மாட்டேன்.

திரும்பும்போது காரில் மருமகள், "அத்தை, அடுத்த கச்சேரிக்கும் என்னை எடுத்துட்டாங்க! குழந்தையைப் பாத்துக்க நீங்க இருக்கற தைரியத்துலதான் சரின்னுட்டேன்" என்றாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. என் பக்கத்து ஜன்னலும் திறக்காது, குழந்தைக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்ட நூல் புடவைகளை அனுப்பாதீர்கள். அனுப்பினால் இங்கேயே தங்கிவிடுவேன் என்று நினைப்பார்கள். அதற்குப் பதில் பிள்ளைக்குப் போன் போட்டு, 'அவ இல்லாம என்னால இருக்க முடியல' என்று சொல்லுங்கள். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதுகூட நீங்கள் சொல்லாத வார்த்தை. பொய்யாகவாவது சொல்லுங்கள்.

பேத்தி எழுந்துவிட்டாள். பேசும்போது பிள்ளையைப் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், நானும் கேட்க வேண்டும்.